அப்பாவின் சூட்டுப்பெட்டி

பங்சாரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் பின்கட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உருளை வடிவம். முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். மேலே மூடி, பக்கத்தில் கைப்பிடி, அடியில் ஒரு மின்கம்பி. சின்ன வயதில் அதைச் சோறு சூடாக வைக்கும் பாத்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா வேலைக்குப் போகும்போது ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, மறு கையில் இந்தப் பெட்டி. அம்மா சொல்லிச் சிரிப்பார்: "மனுசன் சாப்பாடு ஆறிப்போனா பரவால்ல. அவருக்குக் கம்பி மட்டும் ஆறக்கூடாது."

அது வெல்டிங் கம்பிகளைச் சூடாக வைத்திருக்கும் பெட்டி. அப்பாவின் சம்பளத்துக்கு அது சின்ன விலை இல்லை. கம்பெனி வாங்கித் தரவில்லை, சொந்தக் காசில் வாங்கினார். இரும்பை உருக்கி ஒட்டும் வேலைக்குப் போகிறவர் ஒரு கம்பியை ஏன் குழந்தை மாதிரி கதகதப்பாகப் பொத்தி எடுத்துப் போக வேண்டும்? இந்தக் கேள்வி எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. பதில் தேடிப் போனபோது பெல்ஜியத்தில் உடைந்த ஒரு பாலத்துக்கும், அங்கிருந்து மெல்பர்னில் உடைந்த இன்னொரு பாலத்துக்கும் போய்ச் சேர்ந்தேன். அப்பா ஒருமுறை பட்ட அவமானம் அதற்கெல்லாம் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

*

பங்சார் என்றதும் இன்றைக்கு நம் நினைவுக்கு வருவது காப்பிக்கடைகளும் வாடகை கட்டுப்படியாகாத வீடுகளும்தான். அது ஒரு காலத்தில் கித்தா தோட்டம். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்களை ஒட்டவைத்துத் தோட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள், அது தேய்ந்து பங்சார் ஆனது என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. பால் மரம் வெட்டியவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். தோட்டத்தை ஒட்டி மின்நிலையம் வந்தது. அந்தப் பக்கம் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ். கொஞ்சம் தள்ளிச் செந்தூலில் ரயில்வே பட்டறை. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளில் சிலர் கித்தா கத்தியை வைத்துவிட்டு இரும்பு வேலைக்குப் போனது இந்த வழியாகத்தான். என் தாத்தா மரம் வெட்டினார். அப்பா வெல்டர்.

அந்த இரும்பு வேலையே அப்போது மாறிக்கொண்டிருந்தது. தாத்தா காலத்துப் பாலங்களும் ரயில் பெட்டிகளும் ரிவெட் ஆணி அடித்தவை. சிவக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செருகி மறுபக்கம் தட்டிச் சப்பையாக்குவார்கள். ஆணி நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சுத்தியலால் தட்டினால் போதும், சத்தமே சொல்லிவிடும். வெல்டிங் வந்தபோது இந்த வசதி போய்விட்டது. வெளியே பார்க்க அழகாக, மீன் செதில் போல அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் தையலுக்குள் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது.

மின்பொறியால் உலோகக் கம்பியையே உருக்கி ஒட்டலாம் என்று 1888ல் ரஷ்யாவில் ஸ்லாவ்யானோவ் காட்டினார். அது வெறுங்கம்பி. உருகிய இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் குடித்துவிடும். ஒட்டிய இடம் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஸ்வீடனில் ஆஸ்கர் ஷெல்பெர்க் 1904ல், ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கிய காலத்தில், கம்பியைத் தாதுக்கள் கலந்த குழம்பில் முக்கிக் காயவைத்துப் பார்த்தார். அந்தப் பூச்சு எரிந்து புகையாகி, உருகும் இரும்புக்குக் குடைபிடித்தது. இன்று உலகத்தில் எந்தச் சந்துப் பட்டறையில் பார்த்தாலும் கிடக்கும் பூச்சுக் கம்பிகள் எல்லாம் அதன் வாரிசுகள்.

பிறகு பூச்சில் என்ன சேர்ப்பது என்பதே ஒரு தனிக் கலை ஆனது. காகிதக்கூழ், மரக்கூழ் போன்ற செல்லுலோஸ் சேர்த்த கம்பிகள் 1920களில் பரவின. செல்லுலோஸ் எரிந்தால் ஹைட்ரஜன் வரும். அது பொறிக்கு வேகம் கொடுக்கும், இரும்பை ஆழமாகத் துளைக்கும். எண்ணெய்க் குழாய் இணைப்பவர்கள் இன்றும் இந்தக் கம்பியை விரும்புவது அதனால்தான். ஹைட்ரஜன் அன்றைக்கு நண்பனாகவே தெரிந்தது.

*

பங்சாருக்குப் பெயர் கொடுத்த புங்கே குடும்பத்தின் வியாபாரத் தலைமையிடம் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரம். அந்த ஆண்ட்வெர்ப்பிலிருந்து லியேஜ் வரைக்கும் 1930களில் ஆல்பர்ட் கால்வாயை வெட்டினார்கள். கால்வாயின் குறுக்கே ரிவெட் இல்லாமல் முழுக்க வெல்டிங்கால் பாலங்கள் கட்டினார்கள். அதில் ஒன்று ஹாசெல்ட் நகரத்தில். கட்டி ஓராண்டு ஆகியிருந்த நிலையில், 1938 மார்ச் 14 அன்று, பெரிய பாரம் ஏதும் இல்லாத நேரத்தில், வெடிச்சத்தத்தோடு அதில் ஒரு பிளவு ஓடியது. சில நிமிடங்களில் பாலம் கால்வாய்க்குள் விழுந்தது. 1940 ஜனவரிக் குளிரில் அதே மாதிரியான இன்னும் இரண்டு பாலங்கள் உடைந்தன.

ஐந்து வருடம் கழித்து அமெரிக்காவில் இன்னொரு சம்பவம். 1943 ஜனவரி 16 அன்று போர்ட்லண்டில், கடல் சோதனை முடித்துக் கரையில் அமைதியாக நின்றிருந்த ஷெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் நடுவில் பிளந்தது. புயலும் இல்லை, குண்டும் விழவில்லை. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய வேறு பல கப்பல்களிலும் விரிசல்கள். முதல் சந்தேகம் யார்மேல் விழும்? வெல்டர் மேல்தான். கப்பல் பட்டறைகளுக்கு அப்போது புதிதாக வந்திருந்தவர்களில் நிறையப் பேர் பெண்கள், வேறு தொழிலிலிருந்து வந்தவர்கள். "அவசரமாகக் கற்றுக்கொண்ட கைகள்" என்று சொல்லிவிடுவது எளிது. மோசமான வெல்டிங்கும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி எஃகையே சோதித்தார். குளிரில் அந்த எஃகு இளகும் தன்மையை இழந்து கண்ணாடி போல் உடைகிறது என்று காட்டினார். ரிவெட் அடித்த கப்பலில் ஒரு தகட்டில் பிளவு வந்தால் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பல் முழுவதும் ஒரே தகடு மாதிரி. பிளவுக்கு நிற்பதற்கு இடமே இல்லை.

இந்தக் கதைகளில் ஹைட்ரஜன் முக்கியக் குற்றவாளி இல்லை. ஆனாலும் இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிளவு எங்கேயாவது ஒரு புள்ளியில் தொடங்க வேண்டும். அந்தப் புள்ளியைத் தயார் செய்து வைப்பதில் ஹைட்ரஜனைப் போல் கெட்டிக்காரன் வேறு யாரும் இல்லை.

*

அது வேலை செய்யும் விதம் இப்படி. பூச்சில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொறியின் சூட்டில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் அணுக்கள் வெளியாகும். உருகிய இரும்பு அதை விழுங்கும். இரும்பு இறுகும்போது அவ்வளவு ஹைட்ரஜனையும் வைத்துக்கொள்ள அதற்கு இடம் போதாது. ஹைட்ரஜன் மிகச் சின்ன அணு. இரும்பு அணுக்களின் இடுக்குகளில் நுழைந்து மெல்ல நகரும். தையலை ஒட்டிச் சூடுபட்டு வேகமாக ஆறிய பகுதிக்குப் போய்ச் சேரும். அந்தப் பகுதி கத்தி வாயைப் போல் கெட்டிப்பட்டு இருந்தால், அதன்மேல் இழுவிசையும் இருந்தால், அங்கே விரிசல் விடும்.

நான்கு விஷயங்கள் ஒன்றுகூட வேண்டும்: ஹைட்ரஜன், கெட்டிப்பட்ட எஃகு, இழுவிசை, குறைந்த வெப்பம். ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறிய பிறகுதான் இந்த விரிசல் வரும். அதனால் இதற்குக் குளிர் விரிசல் என்றே பெயர். சில மணி நேரம் கழித்து வரலாம், இரண்டு நாள் கழித்தும் வரலாம். வெல்டர் கசடைத் தட்டிப் பார்த்து, திருப்தியாகி, வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கும்போது அது பிளக்கும். சிலவகை உயர்வலிமை எஃகுகளுக்கு, வெல்டிங் முடிந்து 48 மணி நேரம் ஆகும்வரை இறுதிச் சோதனையே செய்யக் கூடாது என்று அமெரிக்க வெல்டிங் விதிநூல் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு ஹைட்ரஜன் என்பதற்கு ஒரு கணக்கு. 100 கிராம் வெல்டிங் உலோகத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஹைட்ரஜன் வெளியேறுகிறது என்று அளப்பார்கள். செல்லுலோஸ் கம்பியில் 30ஐத் தாண்டும். 100 கிராம் எஃகின் பருமனே 13 மில்லிலிட்டர்தான். தன் உடம்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான வாயுவை அந்த இரும்பு விழுங்கி வைத்திருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் பீரங்கி வண்டிகளின் கவசத் தகடுகளை ஒட்டும்போது இந்தச் சிக்கல் பெரிதாக வெடித்தது. கவச எஃகு எளிதில் கெட்டிப்படும். சாதாரணக் கம்பியால் ஒட்டினால் பக்கத்திலேயே பிளந்தது. ஸ்டெயின்லெஸ் கம்பியால் ஒட்டினால் நின்றது. ஆனால் அதற்கு நிக்கலும் குரோமியமும் வேண்டும், போர்க்காலத்தில் இரண்டுக்கும் பஞ்சம். ஸ்டெயின்லெஸ் கம்பிகளின்மேல் ஏற்கெனவே பூசிவந்த சுண்ணாம்புப் பூச்சைச் சாதாரண எஃகுக் கம்பிமேல் பூசிப் பார்த்தார்கள். விரிசல் குறைந்தது. அந்தப் பூச்சில் மரக்கூழ் கிடையாது. கால்சியம் கார்பனேட்டும் ஃபுளோர்ஸ்பாரும்தான் பிரதானம். நம் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புக்கு மூலமான அதே சுண்ணாம்புக்கல். சூட்டில் அது கரியமில வாயுவைக் கொடுத்து இரும்புக்குக் குடைபிடிக்கும், ஹைட்ரஜனைக் கொண்டுவராது. செல்லுலோஸ் பூச்சைக் கடுமையாகச் சுட்டால் கருகிப்போகும். சுண்ணாம்புப் பூச்சைத் தொழிற்சாலையிலேயே நன்றாகச் சுட்டு ஈரத்தை விரட்டலாம். பிறகு பூச்சில் இரும்புத்தூளும் சேர்த்தார்கள். அப்படி வந்ததுதான் அப்பா "செவண்டி எய்ட்டீன்" என்று கூப்பிட்ட 7018.

*

1983ல் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கட்டுமானத் தளம். அப்பாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. 32 மில்லிமீட்டர் தடிமனான அடித்தகட்டில் தூணை நிறுத்தி, நான்கு பக்கமும் முட்டுத்தகடுகள் வைத்து ஒட்டும் வேலை. கம்பி 7018தான். பெட்டியை முதல்நாளே பிரித்துத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். ராத்திரி முழுக்க மழை. மறுநாள் அதே கம்பியில் அப்பா வேலையை முடித்தார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த நாள் காலையில் சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துச் சோதித்தார்கள். தையலின் ஓரத்தை ஒட்டி, தலைமுடி மாதிரி, சிவப்புக் கோடு. ஒன்றில்லை, மூன்று இடத்தில்.

சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: "ஒன் கை சரியில்ல."

மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். சம்பளத்தைவிட அந்த வார்த்தைதான் அப்பாவைத் தின்றது. ஒரு வெல்டருக்குக் கைதான் எல்லாம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கிய கை. அதைக் கூப்பிட்டு வைத்துச் சரியில்லை என்றால் அப்புறம் என்ன இருக்கிறது? அடுத்த இரண்டு மாதம் அவருக்குக் கிரைண்டர் பிடிக்கும் வேலைதான். "நானும் கை நடுங்குதோன்னுதான் நெனச்சேன், தம்பி. ராத்திரியில எந்திரிச்சு உக்காந்து கையப் பாப்பேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

வேறொரு கம்பெனிக்குப் போன பிறகுதான், வயதான ஒரு வெல்டிங் இன்ஸ்பெக்டர் அவரிடம் கேட்டாராம்: "கம்பிய எங்க வச்சிருந்தீங்க?"

யாருமே அதுவரை கேட்காத கேள்வி.

*

இந்தக் கேள்வியை ஒரு நாடே கேட்க வேண்டிவந்த இடம் மெல்பர்ன். யாரா ஆற்றைக் கடக்கும் கிங் ஸ்ட்ரீட் பாலம் 1961ல் திறக்கப்பட்டது. உயர்வலிமை எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்து உருவாக்கிய கர்டர்கள். 1962 ஜூலை 10, அங்கே குளிர்காலம். காலையில் 45 டன் எடையுள்ள ஒரு லாரி ஏறியது. பாலத்தின் ஒரு பகுதியைத் தாங்கிய நான்கு கர்டர்களும் பிளந்து, தளம் ஓர் அடி கீழே இறங்கியது. அடியில் இருந்த பக்கச் சுவர்கள் முட்டுக்கொடுத்ததால் முழுக்க விழவில்லை. யாரும் சாகவில்லை. பாலத்துக்கு அப்போது பதினைந்து மாத வயது.

அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். கர்டரின் அடிப்பட்டைக்கு வலுச்சேர்க்கக் கூடுதல் தகடு ஒட்டியிருந்தார்கள். அந்தத் தகடு முடியும் இடத்தில் குறுக்காகப் போட்ட வெல்டிங்கின் ஓரத்தில்தான் விரிசல்கள் தொடங்கியிருந்தன. சில விரிசல்கள் கர்டர் பட்டறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே இருந்தவை. அதாவது பாலம் திறக்கப்பட்ட நாளிலேயே உடைந்திருந்தது, லாரி வந்து அதை வெளியே சொன்னது. எஃகின் கலவை எளிதில் கெட்டிப்படும் வகை. அந்தக் குறுக்கு வெல்டிங் போட்ட இடம் அசைய வழியில்லாமல் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. நான் மேலே சொன்ன நான்கு விஷயங்களும் அங்கே ஒன்றுகூடியிருந்தன. மிச்சத்தைக் குளிர்கால இரவும் எஃகின் நொறுங்கும் தன்மையும் பார்த்துக்கொண்டன.

ஆணையத்தின் அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஒரு கையை மட்டும் பிடித்துக் காட்டி விவகாரத்தை முடிக்காததுதான். எஃகைத் தேர்ந்தெடுத்தவர்கள், வடிவமைத்தவர்கள், செய்தவர்கள், சோதித்தவர்கள், மேற்பார்வை பார்த்த அரசுத் துறை என்று பொறுப்பு எல்லோர்மேலும் விரிந்தது. ஹெல்மெட் முகமூடிக்குள் குனிந்திருப்பவன் மேல் மட்டும் அது விழவில்லை. அப்பாவின் தளத்தில் அப்படி ஓர் ஆணையம் உட்காரவில்லை. மூன்று சிவப்புக் கோட்டுக்கு யார் ஆணையம் வைப்பார்கள்?

*

அந்த இன்ஸ்பெக்டரிடம் அப்பா கற்றுக்கொண்டதை எனக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணைப் படிக்க வேண்டும். 7018ல் 70 என்பது சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசை தாங்கும் என்பது. 1 என்றால் தலைக்கு மேலே, சுவரில், தரையில் என்று எந்த நிலையிலும் ஒட்டலாம். 8 என்பது இரும்புத்தூள் சேர்ந்த குறை ஹைட்ரஜன் பூச்சு. பெட்டியில் கூடவே எச்4 என்று போட்டிருந்தால், 100 கிராம் உலோகத்தில் 4 மில்லிலிட்டர் ஹைட்ரஜனுக்கு மேல் வராது. எச்8, எச்16 என்றால் அதற்கேற்பக் கூடும். ஆர் என்ற எழுத்து இருந்தால் ஈரத்தை ஓரளவு தாங்கும் பூச்சு. கட்டடங்களுக்குப் போடும் சாதாரண எஃகுக்கு 7018 தாராளமாகப் போதும். எஃகை விட அதிக வலிமையான கம்பி போட்டால் கூடுதல் பத்திரம் என்று நினைப்பது தப்பு. கம்பியின் வலிமை கூடக் கூட ஈரத்தை அது பொறுத்துக்கொள்வது குறையும், விதியும் இறுகும்.

இரண்டாவது, கை. நேர்மின்சாரத்தில் கம்பியைப் பாசிட்டிவில் மாட்ட வேண்டும். பொறி குட்டையாக இருக்க வேண்டும். கையை நீட்டிப் பொறியை நீளவிட்டால் காற்று உள்ளே புகும், துளை விழும். 6013 கம்பியில் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். அது தாராள மனசுக்காரக் கம்பி, எப்படிப் பிடித்தாலும் எரியும். வீட்டுக் கேட்டுக்கும் கிராதிக்கும் அது போதும்.

மூன்றாவது, பெட்டி. காற்றுப் புகாத டப்பாவைப் பிரித்த உடனே கம்பி 120 டிகிரிக்குக் குறையாத சூட்டுப்பெட்டிக்குள் போக வேண்டும். வெளியே எடுத்த 7018ஐ நான்கு மணி நேரத்துக்குள் எரித்துவிட வேண்டும். ஆர் வகை என்றால் ஒன்பது மணி நேரம். அதற்கு மேல் வெளியே கிடந்தால் 260 முதல் 430 டிகிரி வரையிலான அடுப்பில் குறைந்தது இரண்டு மணி நேரம் சுட வேண்டும். அப்படிச் சுடுவதும் ஒரே ஒரு முறைதான். நேரடியாகத் தண்ணீர் பட்ட கம்பியா? தூக்கிப் போட வேண்டியதுதான். இது அமெரிக்க விதிநூல் டி1.1 சொல்வது.

நான்காவதுதான் அப்பாவின் கதைக்குச் சாவி. அதே விதிநூலில் ஓர் அட்டவணை உண்டு. ஒட்டுவதற்கு முன் எஃகை எவ்வளவு சூடாக்க வேண்டும் என்று சொல்வது. சாதாரணக் கட்டட எஃகு, 20 முதல் 38 மில்லிமீட்டர் தடிமன் என்றால், சாதாரணக் கம்பிக்கு 65 டிகிரி வரை சூடாக்க வேண்டும். குறை ஹைட்ரஜன் கம்பிக்கு 10 டிகிரி போதும். கோலாலம்பூரில் இரும்பு எந்த நாளும் 10 டிகிரிக்குக் கீழே போகாது. ஆகவே இங்கே 7018 போடுகிறவர் 32 மில்லிமீட்டர் தகட்டைச் சூடாக்கவே வேண்டாம். நேரம் மிச்சம், எரிவாயு மிச்சம், அதுவே கான்ட்ராக்டருக்கு லாபம்.

ஆனால் அந்தச் சலுகை காய்ந்த கம்பிக்குக் கொடுத்தது. மழை ராத்திரியில் திறந்து கிடந்த 7018, பெயரில் மட்டும்தான் குறை ஹைட்ரஜன். ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தைத் தொட்டு நிற்கும், ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. காற்றிலிருந்தே பூச்சு ஈரத்தை இழுக்கும். பார்க்கவும் தெரியாது, தொட்டாலும் தெரியாது. பெட்டியிலுள்ள எழுத்தை நம்பித் தகட்டைச் சூடாக்காமல் விட்டார்கள். எழுத்தை உண்மையாக்கும் சூட்டுப்பெட்டியையும் வாங்கவில்லை. இரண்டு பக்கமும் மிச்சம் பிடித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் அப்பாவின் கை மாட்டிக்கொண்டது.

*

இதை எழுதும்போது எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. நாங்கள் தோட்டத்து வரலாற்றை எழுதப் பழகியவர்கள். சஞ்சிக்கூலி, கங்காணி, லயம், துண்டாடப்பட்ட தோட்டம் என்று எங்கள் கதைகளிலும் கட்டுரைகளிலும் அது நிறைய வந்துவிட்டது. வர வேண்டியதுதான். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியே வந்து இரும்பிலும் மின்சாரத்திலும் கைவைத்த தலைமுறையின் அறிவு எங்கே பதிவாகியிருக்கிறது? அவர்கள் பட்ட துயரத்தையாவது சொல்கிறோம். அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்ன என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, நாற்பது வயது ஆகும் வரைக்கும்.

தமிழ்நாட்டில் இந்த அறிவுக்கு ஓர் ஊர் உண்டு. திருச்சி திருவெறும்பூரில் 1965ல் பெல் நிறுவனத்தின் உயர்அழுத்தக் கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அங்கேயே 1975ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. அந்த வட்டாரத்தில் பட்டறைகள் பெருகின. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர்கள் வெல்டிங் கற்று வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் இங்கேயும் வருகிறார்கள். ரயிலடிப் பக்கம் பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் அவர்களில் ஒருவரையாவது பார்க்கலாம். முழங்கையில் பொறி பட்ட தழும்பு காட்டிக்கொடுக்கும். அப்பா அவர்களைப் பார்த்தால் ஊர், பேர் கேட்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, சைட்ல ஓவன் இருக்கா?"

போன மாதம் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இருக்குங்கய்யா. கரண்ட்டுதான் குடுக்க மாட்டேங்கிறாங்க."

அப்பா சிரிக்கவில்லை. "அப்ப எழுதி வச்சுக்க. எந்தத் தேதி, எத்தன மணிக்குக் கம்பி பிரிச்சது, எத்தன மணிக்கு ஒட்டுனது, எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சுக்க. நாளைக்கு ஒங் கைய சொல்லுவானுங்க" என்றார். அந்தப் பையன் தலையாட்டிவிட்டு மறுசோறு கேட்டார். எழுதி வைத்தாரா தெரியாது.

வீடு மாறியபோது பின்கட்டிலிருந்த பெட்டியை நான் எடுத்து வந்துவிட்டேன். மின்கம்பி அறுந்துபோய் பல வருடம் ஆகிறது. மூடியைத் திறந்தால் அடியில் ஏழெட்டுக் கம்பிகள் கிடந்தன. பூச்சு வெளிறி, நுனியில் துரு ஏறியிருந்தது. நினைவுக்காக வைத்துக்கொள்ளலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார், மறு கையில் தட்டினார், காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார்.

"இத யாருகிட்டயும் வெல்டிங்குக்குக் குடுத்துடாத" என்றார். பிறகு வெளியே போய், பூந்தொட்டியில் சாய்ந்து கிடந்த மிளகாய்ச் செடிக்குப் பக்கத்தில் அதைக் குத்தி, நூலால் கட்டிவைத்தார்.